பெயர்களை வாசித்த பேராயர்

1970களின் கடைசியில் எல் சால்வதோரில் ஞாயிறு காலை எட்டு மணிக்குமேல் ஒரு தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்து போனால், ஒரு மறையுரையை ஒரு சொல் விடாமல் கேட்டுவிடலாம் என்பார்கள். வீட்டுக்கு வீடு வானொலியில் ஒரே குரல். பேசியவர் தலைநகர் சான் சால்வதோரின் பேராயர் ஆஸ்கர் அர்னுல்ஃபோ ரொமேரோ. ஒரு மணி நேரத்துக்குக் குறைந்து அவர் முடித்த ஞாயிறுகள் குறைவு. முதலில் அன்றைய விவிலிய வாசகங்களுக்கு விளக்கம். பிறகு மறைமாவட்டச் செய்திகள்: எந்தப் பங்கில் திருவிழா, எந்த ஊரில் உறுதிபூசுதல், யாருடைய கடிதம் வந்தது. கடைசியில் நாட்டு நடப்பு. அந்த வாரம் யார் கொல்லப்பட்டார், யாரைப் பிடித்துக்கொண்டு போனார்கள், எந்த ஊர், எந்தத் தேதி, வந்தவர்கள் தேசியக் காவல்படையா வேறு படையா என்று ஒவ்வொன்றாக வாசிப்பார்.

செய்தித்தாள்களில் இவை வராது. பெரிய நாளேடுகள் நிலச்சுவான்தார்களின் பக்கம் நின்றன. ஒரு குடியானவர் காணாமல் போனால், அப்படி ஒருவர் இருந்தார் என்று பொதுவெளியில் ஒலித்த ஒரே இடம் அந்த மறையுரைதான்.

ரொமேரோவைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் கதை வேறு மாதிரி இருக்கும். பயந்த சுபாவமுள்ள ஒரு பழமைவாதி பேராயர் ஆனார், மூன்றே வாரத்தில் நண்பரைச் சுட்டுக் கொன்றார்கள், அந்த இரவில் அவர் வேறு மனிதராகிவிட்டார் என்று போகும் கதை அது. விவிலியத்தில் பவுல் தமஸ்கு வழியில் விழுந்து மனம் மாறி எழுந்த கதையின் அச்சு. கேட்க நன்றாக இருக்கிறது, பாதி உண்மையும்கூட. ஆனால் அவருடைய வாழ்க்கையை வரிசையாக வைத்துப் பார்த்தால் எனக்கு வேறொன்று கண்ணில் படுகிறது. அறுபது வயதுவரை அவர் அடிப்படையில் ஓர் அலுவலகக் குரு. செயலர், பத்திரிகை ஆசிரியர், கோப்பு பார்ப்பவர், வானொலியில் பேசுபவர். பின்னாளில் அவரை ஆபத்தானவராக்கியது இந்தப் பழைய பழக்கங்கள்தான்.

அவர் பிறந்தது 1917 ஆகஸ்ட் 15, ஹோண்டுராஸ் எல்லையை ஒட்டிய மலை ஊரான சியூதாத் பாரியோஸில். அப்பா அந்த ஊர்த் தந்தி அலுவலகத்தைப் பார்த்துக்கொண்டவர். பையனைத் தச்சு வேலைக்கு அனுப்பினார்கள், சில காலம் கற்றுக்கொண்டான். பதின்மூன்று வயதில் சான் மிகேல் நகரின் இளங்குருமடத்துக்குப் போய்விட்டான். அங்கிருந்து தலைநகர், பிறகு ரோமில் கிரகோரியன் பல்கலைக்கழகம். இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்த 1942 ஏப்ரல் 4 அன்று ரோமிலேயே குருத்துவத் திருநிலைப்பாடு. அடுத்த ஆண்டு ஊர் திரும்பும் வழியில் கியூபாவில் இறங்கியபோது, முசோலினியின் இத்தாலியிலிருந்து வருகிறார் என்ற சந்தேகத்தில் பிடித்துத் தடுப்புக்காவலில் வைத்துவிட்டார்கள். உடல் நலிந்துதான் வீடு வந்து சேர்ந்தார்.

அதன்பின் இருபது ஆண்டுகளுக்குமேல் சான் மிகேல் மறைமாவட்டம். மறைமாவட்டச் செயலர் வேலை, பேராலயப் பொறுப்பு, ‘சப்பராஸ்டிக்கே’ என்ற மறைமாவட்ட வார இதழ். நகரின் ஐந்து வானொலி நிலையங்கள் அவருடைய ஞாயிறு மறையுரையை ஒலிபரப்பின. கோயிலுக்குள் வரக் கூசிய ஏழை விவசாயிகள் வெளியே இருந்தபடி கேட்கட்டும் என்பது அவர் எண்ணம். பேராயர் ரொமேரோவின் வானொலி திடீரென முளைத்ததல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஒலிவாங்கி முன்னால் பேசுவது அவருக்கு இளவயதுப் பழக்கம்.

1967இல் ஆயர் பேரவையின் செயலராகத் தலைநகருக்கு வந்தார், 1970இல் துணை ஆயர் ஆனார். இந்த ஆண்டுகள் அவருடைய ரசிகர்கள் விரும்பிச் சொல்லாத ஆண்டுகள். 1968இல் கொலம்பியாவின் மெடலின் நகரில் கூடிய லத்தீன் அமெரிக்க ஆயர்கள், வறுமை விதியல்ல, அநீதியான அமைப்பின் விளைவு என்று சொல்லியிருந்தார்கள். அந்தக் காற்று எல் சால்வதோரிலும் வீசியது. ரொமேரோவுக்கு அது பிடிக்கவில்லை. உயர்மறைமாவட்ட இதழான ‘ஓரியன்டாசியோன்’ அவர் கைக்கு வந்ததும், இயேசு சபையினர் நடத்திய பள்ளியில் பிள்ளைகளுக்கு மார்க்சியம் ஊட்டப்படுகிறது என்று எழுதித் தாக்கினார். 1976 ஆகஸ்ட் 6, நாட்டின் காவலரான உலக மீட்பர் திருவிழா. பேராலயத்தில் அரசுப் பெருந்தலைகள் முன்னால் ‘புதிய கிறிஸ்தியல்’களை, அதாவது கிறிஸ்து யார் என்பதற்கு எழுந்த புது விளக்கங்களை, கண்டித்துப் பேசினார். அது ஏழைகளின் விடுதலையை மையமாக வைத்த விடுதலை இறையியலின் அறிஞர் ஜான் சொப்ரினோவைக் குறிவைத்தது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் புரிந்தது. சில மாதங்களில் அதே சொப்ரினோவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யோசனை கேட்கப்போகிறார் என்று அன்று யாரும் நினைத்திருக்க முடியாது.

அவர் எந்த நாட்டில் பேராயராக இருந்தார் என்பது தெரியாமல் மற்றது விளங்காது. தீவுகளை விட்டுவிட்டால், அமெரிக்கக் கண்டங்களின் பெருநிலத்தில் மிகச் சிறிய நாடு எல் சால்வதோர். காப்பி விளையும் நல்ல நிலமெல்லாம் ‘பதினான்கு குடும்பங்கள்’ என்று மக்கள் வாயில் வழங்கிய ஒரு சிறு கூட்டத்தின் கையில். 1932 ஜனவரியில் மேற்குப் பகுதிக் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்தபோது ஜெனரல் மார்ட்டினஸின் படை வாரக்கணக்கில் கொன்றது. பத்தாயிரம் என்பவர்களும் உண்டு, முப்பதாயிரம் என்பவர்களும் உண்டு. இறந்தவர்களின் பட்டியல் என்று ஒன்று கிடையாது. அந்நாட்டு மக்கள் அதை வெறுமனே ‘படுகொலை’ என்றே சொல்வார்கள், எந்தப் படுகொலை என்று யாரும் கேட்க மாட்டார்கள். அதிலிருந்து தொடர்ச்சியாகப் படைத்துறை ஆட்சி. நில உடைமையாளர்கள், படை, திருச்சபை மூன்றும் ஒரே மேடையில் நிற்பதுதான் வழமை.

1974இல் சான்தியாகோ தே மரியா என்ற கிராமப்புற மறைமாவட்டத்துக்கு ஆயராகப் போனார் ரொமேரோ. காப்பி அறுவடைக்கு வந்த கூலிகள் இரவில் குளிரில் தெருவோரம் படுத்திருப்பதைப் பார்த்துவிட்டு, மறைமாவட்டக் கட்டடங்களைத் திறந்துவிட்டார். 1975 ஜூன் 21 அன்று திரேஸ் காயேஸ் என்ற குக்கிராமத்தில் தேசியக் காவல்படை நள்ளிரவில் புகுந்து குடியானவர்களை வெட்டியும் சுட்டும் கொன்றது. ரொமேரோ அந்த வீடுகளுக்குப் போனார். படைத்தளபதியிடம் நேரில் முறையிட்டார். அதிபர் மொலினாவுக்குக் கடிதம் எழுதினார். குருக்கள் பகிரங்கக் கண்டனம் கேட்டார்கள், மறுத்துவிட்டார். உள்ளுக்குள் பேசினால் காரியம் நடக்கும் என்று அப்போது நம்பினார். கடிதத்தால் ஒன்றும் நடக்கவில்லை.

இப்படிப்பட்டவர் பேராயராக வந்தால் வசதி என்று அரசும் செல்வந்தர்களும் நினைத்ததில் வியப்பில்லை. 1938 முதல் பதவியில் இருந்த பேராயர் லூயிஸ் சாவேஸ் ஓய்வு பெற்றார். குருக்கள் எதிர்பார்த்தது துணை ஆயர் ரிவேரா தாமாஸை. ரோம் அறிவித்தது ரொமேரோவை. 1977 பிப்ரவரி 22 அன்று ஆரவாரமில்லாமல் பதவியேற்றார். இரண்டு நாள் முன்னால்தான் அதிபர் தேர்தல் அப்பட்டமான மோசடியோடு நடந்திருந்தது. வென்றதாக அறிவிக்கப்பட்ட ஜெனரலின் பெயரும் ரொமேரோ. உறவு ஏதும் இல்லை. 28ஆம் தேதி தலைநகர் சதுக்கத்தில் கூடிய எதிர்ப்பாளர்கள்மேல் துப்பாக்கிச் சூடு.

மார்ச் 12 அன்று, கரும்புத் தோட்டங்கள் சூழ்ந்த அகிலாரெஸ் பங்கின் இயேசு சபைக் குரு ருத்திலியோ கிராந்தே, மாலைத் திருப்பலிக்காக எல் பைஸ்னாலுக்கு வண்டியில் போகும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். கூட இருந்த முதியவர் மனுவேல் சொலோர்சானோவும் சிறுவன் நெல்சன் ருத்திலியோ லெமுஸும் அந்த இடத்திலேயே இறந்தார்கள். கிராந்தே ரொமேரோவின் நண்பர், அவருடைய ஆயர் திருநிலைப்பாட்டு வழிபாட்டின் ஒழுங்குகளைக் கவனித்தவர். அன்றிரவே ரொமேரோ அங்கே போய்ச் சேர்ந்தார். கோயிலில் மூன்று உடல்கள், சுற்றிலும் கரும்பு வெட்டும் சனம்.

இதைத்தான் ‘மனமாற்றம்’ என்கிறார்கள். அந்தச் சொல் அவருக்கே அவ்வளவாக ஒப்பவில்லை. தான் ஏழை வீட்டில் பிறந்தவன், படிப்பிலும் பதவியிலும் அதிலிருந்து விலகிப் போயிருந்தேன், திரும்பி வந்தேன் என்கிற தொனியில்தான் பின்னாளில் பேசினார். அவருடைய பக்தி முறை கடைசிவரை மாறவில்லை. செபமாலை, ஒப்புரவு அருளடையாளம், திருத்தந்தைமீது மாறாத பற்று எல்லாம் அப்படியே இருந்தன. சுடப்பட்ட நாளின் பகற்பொழுதைக்கூட ஓப்புஸ் தேயி என்ற பழமைவாதக் கத்தோலிக்க அமைப்பைச் சேர்ந்த குரு ஒருவர் ஏற்பாடு செய்த தியானக் கூட்டத்தில்தான் கழித்தார். அவரைப் புரட்சியாளராக மட்டும் வரைந்து சுவரொட்டி ஒட்டியவர்கள் இந்தப் பக்கத்தைப் பார்க்க விரும்பியதில்லை.

மாறியது வேறு. கிராந்தே கொலையை விசாரியுங்கள் என்று அரசுக்குக் கடிதம் எழுதினார், விசாரணை முடியும்வரை எந்த அரசு விழாவுக்கும் வரமாட்டேன் என்று அறிவித்தார். விசாரணை நடக்கவில்லை, அவரும் போகவில்லை. அடுத்து, மார்ச் 20 ஞாயிறன்று உயர்மறைமாவட்டத்தில் வேறெங்கும் திருப்பலி கிடையாது, பேராலயத்தில் ஒன்றே ஒன்றுதான் என்று முடிவெடுத்தார். திருத்தந்தையின் தூதர் கடுமையாக எதிர்த்தார். ஞாயிறுத் திருப்பலியை மக்களுக்கு இல்லாமல் செய்வது எப்படிச் சரி என்ற அவர் கேள்வியில் திருச்சபைச் சட்டப்படி நியாயம் இருந்தது. ரொமேரோ கேட்கவில்லை. பேராலயச் சதுக்கத்தில் ஒரு லட்சம் பேர் கூடினார்கள்.

இந்த இடத்தில் பதவியைப் பற்றி ஒரு விளக்கம் தேவை. பேராயர் என்றால் மற்ற ஆயர்களுக்கு மேலதிகாரி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒவ்வோர் ஆயரும் தன் மறைமாவட்டத்தில் திருத்தந்தைக்கு மட்டுமே பதில் சொல்பவர். பேராயருக்கு முதலிடம் உண்டு, மற்ற ஆயர்களுக்கு ஆணையிடும் அதிகாரம் கிடையாது. எல் சால்வதோரின் ஆயர்களில் ரிவேரா தாமாஸ் ஒருவர்தான் ரொமேரோவோடு நின்றார். மற்ற நால்வர் எதிர்ப்பக்கம். 1978 ஆகஸ்டில் ரொமேரோவும் ரிவேராவும் சேர்ந்து மக்கள் அமைப்புகளுக்கு ஒன்றுகூடும் உரிமை உண்டு என்று மேய்ப்புப்பணி மடல் வெளியிட்டார்கள். சூட்டோடு சூடாக மற்ற நால்வரும் அந்தக் குடியானவர் அமைப்புகளைக் கண்டித்து மறு அறிக்கை விட்டார்கள். ஒரே திருச்சபை, இரண்டு குரல். அரசுப் பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம்.

மற்ற ஆயர்களிடம் இல்லாதது ஒன்று ரொமேரோவிடம் இருந்தது: தகவல். ‘சொகோரோ ஹுரிதிக்கோ’ என்ற சட்ட உதவி மையத்தை உயர்மறைமாவட்டத்தின் அமைப்பாக ஆக்கினார். இளம் வழக்கறிஞர்களும் சட்ட மாணவர்களும் அங்கே உட்கார்ந்து, கிராமங்களிலிருந்து அழுதுகொண்டு வந்தவர்களின் வாக்குமூலத்தை எழுதிக்கொண்டார்கள். பெயர், வயது, ஊர், பிடித்துப் போன நாள், வந்த வண்டி, சீருடை. முடிந்தவரை சரிபார்த்தார்கள். அந்தக் கோப்புகள் வாரக்கடைசியில் பேராயரின் மேசைக்கு வரும். ஞாயிறு காலை YSAX என்ற உயர்மறைமாவட்ட வானொலி வழியாக நாடு முழுக்கப் போகும். காணாமல் போனவர்களின் தாய்மார்கள் சங்கமாகச் சேரவும் அவரே துணை நின்றார்.

ஒரு தாயின் இடத்திலிருந்து இதை யோசித்துப் பார்க்கலாம். காவல் நிலையத்தில் ‘அப்படி ஒருவனை நாங்கள் பிடிக்கவில்லை’ என்கிறார்கள். நீதிமன்றம் மனுவை வாங்க மறுக்கிறது. மகனின் பெயரை வாய்விட்டுச் சொன்னால் அடுத்த மகனுக்கு ஆபத்து. பேராயர் அந்தப் பெயரைச் சரியான உச்சரிப்போடு, ஊர்ப் பெயரோடு வானொலியில் சொல்கிறார். உடலோடு பெயரையும் சேர்த்துப் புதைப்பதுதான் அந்தக் கொலைகளின் நோக்கம். 1932இல் அது முழுதாகப் பலித்தது. ரொமேரோ காலத்தில் பலிக்கவில்லை.

1978 ஏப்ரலில் ஒரு மறையுரையில் நீதித்துறையின் ஊழலைச் சாடினார். உச்ச நீதிமன்றம் அவருக்குக் கடிதம் எழுதியது: விலைபோகும் நீதிபதிகள் யார் யார், பெயரைச் சொல்லுங்கள். ஒரு நபரைச் சொல்லி மாட்டிக்கொள்வார் என்று நினைத்திருக்கலாம். பதில் பெந்தகோஸ்து ஞாயிறு மறையுரையில் வந்தது. தனியாட்களை விட்டுவிட்டு, ஆட்கொணர்வு மனுக்களை நீதிமன்றம் கண்டுகொள்ளாமல் விட்டதையும், அரசியல் சட்டம் தந்த உரிமைகள் எங்கெங்கே மீறப்பட்டன என்பதையும் அடுக்கினார். நீண்ட கால அலுவலகப் பயிற்சி இப்படித்தான் பயன்பட்டது.

அவர் ஒரு தரப்பை மட்டும் கண்டித்தார் என்பதும் சரியில்லை. 1977இல் வெளியுறவு அமைச்சர் மௌரிசியோ போர்கொனோவோவை இடதுசாரி ஆயுதக் குழு கடத்திக் கொன்றபோது அதைக் கண்டித்து, அடக்கத் திருப்பலியையும் அவரே நிறைவேற்றினார். பழிக்குப் பழியாக மறுநாள் வலதுசாரிக் கொலைப்படை அல்போன்சோ நவாரோ என்ற இளம் குருவைச் சுட்டது. ஒரே வாரத்தில் இரண்டு அடக்கங்கள். ‘நாட்டுப்பற்று காட்டு, ஒரு சாமியாரைக் கொல்’ என்ற துண்டறிக்கைகள் தெருவில் பறந்த காலம் அது.

தன்னைப் பற்றியும் அவர் பதிவு வைத்துக்கொண்டார். 1978 மார்ச் 31 முதல் அன்றாடம் நடந்ததை ஒலிநாடாவில் பேசிப் பதிந்தார். தங்கியது அரண்மனையில் அல்ல. ஏழைப் புற்றுநோயாளிகளுக்காகக் கார்மேல் சபைக் கன்னியர் நடத்திய தெய்வீகப் பராமரிப்பு மருத்துவமனை வளாகத்தில், முதலில் சிற்றாலயத்தை ஒட்டிய ஓர் அறை, பிறகு கன்னியர் கட்டிக்கொடுத்த மூன்றறைச் சிறு வீடு.

1979 மே மாதம் ரோமில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலைச் சந்தித்தபோது, கொலைகள் பற்றிய ஆவணக் கட்டைக் கையோடு கொண்டுபோனார். இவ்வளவு தாள்களைப் படிக்க நேரமில்லை என்று திருத்தந்தை சொல்லிவிட்டதாக, ஊர் திரும்பும் வழியில் ஒரு பத்திரிகையாளரிடம் வருந்தியிருக்கிறார். நாட்குறிப்பில் இருப்பது கொஞ்சம் மிதமான கணக்கு: துணிவும் வேண்டும், விவேகமும் வேண்டும், ஆயர்களிடையே ஒற்றுமை வேண்டும் என்று திருத்தந்தை அறிவுறுத்தினார். கம்யூனிச ஆட்சியின்கீழ் ஆயராக இருந்த போலந்துக்காரருக்கு, ‘மக்கள் அமைப்பு’ என்ற சொல் காதில் விழுந்த விதமே வேறாக இருந்திருக்கும். 1980 ஜனவரியில் நடந்த இரண்டாவது சந்திப்பு கனிவாக இருந்தது.

அதற்குள் நாடு கைமீறிவிட்டது. 1979 அக்டோபர் 15 அன்று இளம் அதிகாரிகள் ஆட்சியைக் கவிழ்த்துச் சீர்திருத்தம் வாக்களித்தார்கள். ரொமேரோ அவர்களுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்த்தார், அதற்காக இடதுசாரிகளிடம் ஏச்சும் வாங்கினார். கொலைகள் கூடவே செய்தன. 1980 பிப்ரவரி 17 அன்று, எல் சால்வதோர் படைக்கு உதவி அனுப்ப வேண்டாம் என்று அமெரிக்க அதிபர் கார்ட்டருக்கு எழுதிய கடிதத்தைத் திருப்பலியில் வாசித்துக் காட்டினார். உடனடியாக YSAX நிலையத்தில் குண்டு வெடித்தது. மார்ச்சில் அவர் திருப்பலி நிறைவேற்றிய பசிலிக்காவில் டைனமைட் நிரப்பிய பெட்டி ஒன்று கண்டெடுக்கப்பட்டது.

மார்ச் 23 ஞாயிறன்று YSAX மறுபடி ஒலித்தது. ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் பேசினார். அந்த வாரக் கொலைகளை வாசித்து முடித்துவிட்டுப் படைவீரர்களிடம் நேராகத் திரும்பினார். நீங்கள் கொல்வது உங்கள் சொந்தக் குடியானவச் சகோதரர்களை என்றார். கொல்லாதே என்ற கடவுளின் சட்டத்துக்கு எதிரான ஆணைக்குக் கீழ்ப்படிய எந்தப் படைவீரனும் கடமைப்பட்டவன் அல்ல என்றார். ‘கெஞ்சுகிறேன், மன்றாடுகிறேன், கடவுளின் பெயரால் கட்டளையிடுகிறேன்: ஒடுக்குமுறையை நிறுத்துங்கள்!’ பெயர் வாசிப்பதிலிருந்து இது ஒரு படி தாண்டியது. படையின் கண்ணில் இது கலகத் தூண்டல்.

மறுநாள் மாலை மருத்துவமனைச் சிற்றாலயத்தில், ஒரு பத்திரிகை உரிமையாளருடைய தாயின் ஓராண்டு நினைவுத் திருப்பலி. வாசகம், மண்ணில் விழுந்து மடியும் கோதுமை மணி. ஆறரை மணி சுமாருக்குச் சிவப்பு வோக்ஸ்வாகன் கார் ஒன்று வாசலில் நின்றது. ஒரே ஒரு குண்டு. கிண்ணத்தை உயர்த்திய கைகளோடு அவர் சாய்வதாக ஓவியங்களில் பார்த்திருப்போம். உண்மையில் மறையுரையை முடித்துக் காணிக்கைப் பகுதிக்குத் திரும்பிய கணம் அது. அந்தத் திருப்பலியும் ஒலிநாடாவில் பதிவானதால், கடைசிச் சொற்களுக்குப் பின் வெடிச்சத்தம் இன்றும் கேட்கிறது. மார்ச் 30, குருத்து ஞாயிறு அடக்கச் சடங்கிலும் குண்டும் துப்பாக்கிச் சூடும். நெரிசலிலும் சூட்டிலும் முப்பது பேருக்குமேல் இறந்தார்கள். அதன்பின் 1992 வரை உள்நாட்டுப் போர், சுமார் 75,000 உயிர்கள்.

அவரைப் புனிதராக்குவதில் ஏற்பட்ட தாமதத்துக்கு ஒரு நுட்பமான காரணம் உண்டு. மறைச்சாட்சி என்று ஏற்க வேண்டுமானால், கொன்றவர்கள் ‘விசுவாசத்தின்மீதான வெறுப்பால்’ கொன்றிருக்க வேண்டும். இங்கே கொன்றவர்களும் திருமுழுக்குப் பெற்ற கத்தோலிக்கர்கள். எனவே இது அரசியல் கொலை என்பது எதிர்த்தவர்களின் வாதம். நீதிக்காகப் பேசியது விசுவாசத்திலிருந்து வந்ததென்றால், அதற்காகக் கொன்றதும் விசுவாச வெறுப்புதான் என்பது மற்றவர்களின் வாதம். 1994இல் உயர்மறைமாவட்டம் தொடங்கிய பணி ரோமில் பல ஆண்டுகள் தேங்கியது. அவர் விட்டுப்போன மறையுரைகளும் மடல்களும் நாட்குறிப்பும் வரிவரியாகக் கோட்பாட்டுச் சோதனைக்குப் போயின. நிறையப் பதிவு செய்தவருக்கு வரும் தனிச் சங்கடம் இது. திருத்தந்தை பிரான்சிஸ் காலத்தில் கதவு திறந்தது. 2015 பிப்ரவரியில் மறைச்சாட்சி என்ற ஏற்பு, மே 23 அன்று அருளாளர் பட்டம், 2018 அக்டோபர் 14 அன்று புனிதர் பட்டம். அன்றைய திருப்பலியில் பிரான்சிஸ் இடுப்பில் கட்டியிருந்தது ரொமேரோவின் இரத்தக்கறை படிந்த இடைக்கயிறு. இறந்த பிறகும் சக குருக்களும் ஆயர்களும் அவரை அவதூறு செய்தார்கள், மறைச்சாட்சியம் சாவோடு முடியவில்லை என்று 2015இல் பிரான்சிஸ் வெளிப்படையாகவே சொன்னார்.

வழக்கின் கதை சுருக்கமானது. விசாரித்த நீதிபதி கொலை நடந்த சில நாள்களில் தன் வீட்டிலேயே தாக்கப்பட்டு நாட்டைவிட்டு ஓடினார். 1993 மார்ச் 15 அன்று ஐ.நா. உண்மை ஆணையம், கொலைக்கு ஆணையிட்டவர் முன்னாள் மேஜர் ரொபேர்த்தோ தௌபூய்சோன் என்று அறிக்கை தந்தது. அவர் தொடங்கிய அரேனா கட்சி அப்போது ஆட்சியில் இருந்தது, அவர் முந்தைய ஆண்டே புற்றுநோயில் இறந்திருந்தார். அறிக்கை வந்த ஐந்தாம் நாள் நாடாளுமன்றம் பொதுமன்னிப்புச் சட்டம் நிறைவேற்றியது. 2004இல் கலிபோர்னியாவில் நடந்த உரிமையியல் வழக்கில் அல்வாரோ சராவியா என்ற முன்னாள் கேப்டன் ஒரு கோடி டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பானது. ஆள் அதற்குள் தலைமறைவு. பொதுமன்னிப்புச் சட்டத்தை 2016இல் எல் சால்வதோர் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. 2018இல், புனிதர் பட்டம் கிடைத்த அதே மாதத்தில், சராவியாவைக் கைது செய்ய மறுபடி ஆணை பிறந்தது. காரை ஓட்டியவர் 1987லேயே வாக்குமூலம் கொடுத்துவிட்டார். பின்னிருக்கையிலிருந்து சுட்டவருக்கு இதுவரை எந்த நீதிமன்றமும் தண்டனை வழங்கவில்லை.